மஞ்சப்பையை அச்சடித்துச் சட்டம் போட்டால் அது ஓவியமா?

பாபநாசம்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மகள் கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

போன வாரம் அவர்கள் வகுப்புப் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் மாட்டியிருந்தார்கள். நானும் வீட்டிலும் போனோம். கூடவே என் மைத்துனரும் வந்தார். ஒரு பையன் காவிரிப் படித்துறையை வரைந்திருந்தான், ஈரப் படியில் கால் வைத்தால் வழுக்கிவிடும் போல இருந்தது. இன்னொரு பெண் நடவு வயல். எங்கள் பெண்ணின் சுவருக்குப் போனால் அங்கே 20 மஞ்சப்பை தொங்குகிறது. நிஜப் பை இல்லை, காகிதத்தில் அச்சடித்த பையின் படம். கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தத் தாம்பூலப் பை. மேலே பிள்ளையார், கீழே நல்வரவு. ஒன்று நீலத்தில், ஒன்று ரோஸில், ஒன்றில் பிள்ளையார் கிளிப்பச்சை. பாதிப் படங்களில் சிவப்பு மை விலகிப்போய்ப் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை மாதிரி தெரிகிறது.

"இதுக்குப் பரண்ல கிடக்குற பையையே எடுத்து ஆணி அடிச்சிருக்கலாமே மாப்பிள்ளை" என்று மைத்துனர் காதைக் கடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அவள் காதில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "இது பாப் ஆர்ட்ப்பா, ஆண்டி வார்ஹால் சூப் டின்னை வரைஞ்சார் தெரியுமா" என்றாள். தேடிப் பார்த்தேன், அமெரிக்க ஓவியராம். அவர் செய்த ஒரு நடிகையின் முகம் 2022இல் ஏலத்தில் 19.5 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. அதை ரூபாயாக்கி எழுதினால் எங்கள் சங்கத்து லெட்ஜரில் கட்டம் போதாது. டின்னையும் நடிகை போட்டோவையும் திரும்பத் திரும்ப அச்சடித்தால் அது எப்படிக் கலை ஆகிறது? யாராவது எனக்குப் புரிகிற தமிழில் சொன்னால் அவளிடம் நிமிர்ந்து பேசுவேன். இப்போதைக்கு அவள் என்னோடு பேசவில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

சார், சுவரில் ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டு ஒட்டி 2024இல் 62 லட்சம் டாலருக்கு விற்றார்கள். நம் பக்கம் தாரே அந்த விலைக்குப் போகாது. இதற்கெல்லாம் விளக்கம் தேடினால் உடம்புக்குத்தான் கேடு. பெண்ணை பி.எட். படிக்கச் சொல்லுங்கள்.

குடந்தை_ஸ்கிரீன்பிரிண்ட் எழுதியது:

பாபநாசம் சார், உங்கள் பெண் அச்சடித்த அந்தப் பையை அடிக்கிற தொழில்தான் எனக்கு. அதற்கு முன்னால் சினிமா பேனர் வரைந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1983இல் 16 வயதில் மாயவரத்தில் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, பசையும் வெள்ளையும் கலந்து பூசுவது, காய்ந்ததும் கட்டம் போடுவது, இதுதான் முதல் 2 வருடம். கம்பெனியிலிருந்து உள்ளங்கை அளவு ஸ்டில் வரும். அதிலும் கட்டம் போட்டு, ஒரு கட்டத்தை 2 அடி கட்டமாக்குவோம். எழுத்தும் பின்னணியும் பையன்கள் வேலை. முகம் மாஸ்டர்தான். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். நான் சாரத்தில் நின்றால் என் முன்னால் இருப்பது கதாநாயகனின் மூக்குத் துவாரம், என் தலை அளவு. அது மூக்கு என்று தெரிய ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய் நின்று பார்க்க வேண்டும்.

மாஸ்டர் போடும் கலர் என்ன தெரியுமா? நெற்றியில் மஞ்சள், ஒரு கன்னத்தில் ரோஸ், இன்னொரு கன்னத்தில் பச்சை, தாடைக்குக் கீழே நீலம். கிட்டத்தில் பார்த்தால் காமாலை முற்றின ஆள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் உயிரோடு நிற்பார். இயற்கைக் கலரில் வரைந்தால் 50 அடியிலேயே முகம் செத்துவிடும் என்பார்.

2002, 2003 வாக்கில் எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு பொங்கலுக்கு 11 பேனர் வரைந்தவர்களுக்கு அடுத்த பொங்கலுக்கு 1. அதற்கு அடுத்ததற்கு அதுவும் இல்லை. மாஸ்டர் கொஞ்ச நாள் கோயில் சுதை வேலைக்குப் போனார். நான் கும்பகோணம் வந்து ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டேன்.

ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு காலேஜ் பையன் ஃபிரேம் கட்ட வந்தவன், "அண்ணே, நீங்க பண்றதத்தான் வார்ஹாலும் பண்ணார்" என்று சொல்லி, தடித்த படப் புத்தகம் ஒன்றைக் கடையில் வைத்துவிட்டுப் போனான். மூன்று மாதம் கழித்துத்தான் வந்து எடுத்துப்போனான். மை காய்கிற நேரத்திலெல்லாம் அதைத்தான் புரட்டினேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், படம் பார்க்க அது எதற்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த பாப் ஆர்ட் கூத்து, அதாவது கடைச்சரக்கையும் விளம்பரத்தையும் ஓவியமாக்குவது, ஆரம்பித்தது அமெரிக்காவில் இல்லை, லண்டனில். யுத்தம் முடிந்தும் அங்கே 1954 வரை ரேஷன். அந்த நேரத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பளபளவென்று ஃபிரிட்ஜ், கார், டின் உணவு விளம்பரங்கள் வருகின்றன. வயிறு காய்ந்தவனுக்கு அந்த விளம்பரம்தானே சித்திரம்? ரிச்சர்ட் ஹாமில்டன் என்பவர் 1956இல் அந்தப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி ஒரு வீட்டு ஹாலைச் செய்தார். நடுவில் ஒரு பயில்வான், கையில் பெரிய குச்சிமிட்டாய், அதில் 'பாப்' என்று எழுதியிருக்கும். நம் பக்கம் டீக்கடையில் ஜவுளிக்கடை காலண்டர், சாமி படம், நடிகர் படம், சோப்பு விளம்பரம் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டியிருக்குமே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

அப்புறம் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட். இவர் எங்கள் ஆள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் நின்று விளம்பரப் பலகை வரைந்தவர். அந்தப் பெயிண்டையும் அந்த அளவையும் அப்படியே ஓவியத்துக்குக் கொண்டுபோனார். 1965இல் 86 அடி நீளத்துக்கு ஒரு போர் விமானம் வரைந்து, அதன் உடம்புக்குள் கார் டயர், பல்பு, சேமியா மாதிரி நூல் நூலான உணவு, முடி உலர்த்துகிற சலூன் மெஷினுக்குக் கீழே சிரிக்கிற சின்னப் பெண் என்று செருகினார். அது வியட்நாம் யுத்தக் காலம். சோப்பு விற்கிற அதே பளபளப்பில் குண்டுபோடுகிற விமானம். அந்தப் பக்கத்தை நான் சீக்கிரம் புரட்டவில்லை.

ராய் லிச்சென்ஸ்டைன் இன்னொரு வகை. படக்கதைப் புத்தகத்தில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துச் சுவர் அளவு வரைவார். மலிவான அச்சில் வரும் புள்ளிகளையும் விடாமல் பெரிசாக்கி வைப்பார். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு கலர் போஸ்டரை வைத்துப் பாருங்கள் சார். முகம் கரைந்து வெறும் புள்ளிதான் தெரியும். எல்லோரும் புள்ளியைத் தாண்டி முகத்தைப் பார்த்தார்கள், இந்த மனுஷன் புள்ளியிலேயே நின்றுவிட்டார்.

இப்போது வார்ஹால். 1962இல் லாஸ் ஏஞ்சலஸில் 32 சூப் டின் படம் வைத்தார், அந்தக் கம்பெனி விற்ற 32 வகைக்கும் ஒன்றொன்று. எல்லாம் நம் ஸ்கிரீன் பிரிண்ட்தான். மளிகைக் கடை மாதிரி விளிம்புப் பலகையில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஓவியக் கடைக்காரர் நிஜ டின்னை ஜன்னலில் அடுக்கி, எங்களிடம் அசலே மலிவு என்று நக்கல் செய்தாராம். உங்கள் மைத்துனர் ஊருக்கு ஊர் இருக்கிறார். விற்றது கொஞ்சம்தான். கடைசியில் அந்தக் கண்காட்சி நடத்தியவரே மொத்தத்தையும் 1,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அதுவும் மாதம் 100 டாலர் தவணை. உங்கள் சங்கத்துக் கடன் மாதிரி.

அதே வருடம் ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்துபோனார். வார்ஹால் 1953இல் வந்த ஒரு படத்துக்கான விளம்பர ஸ்டில்லை எடுத்து ஸ்கிரீன் போட்டு அடித்தார். ஒன்றில் 50 முகம். இடது பக்கம் 25 முகம் கலர், வலது பக்கம் 25 முகம் கறுப்பு வெள்ளை. இந்த இடத்தில் நான் தொழில்காரனாகப் பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷ் என்கிற வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டால் இறுகுகிற கெமிக்கல் தடவி, படத்தைக் கறுப்பாக எடுத்த பிலிமை வைத்து லைட் காட்டிக் கழுவினால், படம் இருக்கும் இடத்தில் மட்டும் வலை திறந்திருக்கும். அதன் மேல் மையை ஊற்றி ரப்பர் பிளேடால் ஒரே இழுப்பு. ஒரு பை முடிந்தது. முதல் 20 பை கண் காது மூக்கோடு வரும். அப்புறம் ஒரு இழுப்பில் மை அதிகமாகிப் பிள்ளையார் வயிறு அப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வலையில் மை காய்ந்து அடைத்து, தந்தம் போய்விடும், கண் போய்விடும், வெறும் நிழல்தான் விழும். நாங்கள் உடனே நிறுத்திக் கெரசின் போட்டுத் துடைப்போம். கெட்டதைக் கீழே தள்ளிவிடுவோம்.

வார்ஹால் துடைக்கவில்லை. வலது பக்கம் அந்த 25 முகங்களைப் பாருங்கள். ஒன்றில் கறுப்பு அப்பிக்கிடக்கும். ஒன்று பாதி மங்கல். ஓரத்துக்குப் போகப் போக முகம் அழிந்து வெள்ளையாகிவிடும். செத்துப்போன பெண்ணின் முகம் சார் அது. பத்திரிகையில் ஆயிரம் தடவை அச்சடித்து அச்சடித்தே கரைந்துபோன மாதிரி. நான் தினமும் கீழே தள்ளுகிற கழிவை அவர் அப்படியே மாட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை.

எனக்கும் ஒரு கதை உண்டு. ஒரு வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுக்கு 300 பை. இரண்டு கலர் வேலை, பையன் ஃபிரேமைச் சரியாக உட்கார வைக்கவில்லை. சிவப்பு அரை அங்குலம் நகர்ந்து, பிள்ளையாரின் நெற்றிப் பொட்டு தும்பிக்கையில் உட்கார்ந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார், அவர் மேலும் தப்பில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு 300 அடித்துக் கொடுத்தோம். கெட்ட பை எங்கள் வீட்டில் 6 வருடம் ரேஷன் அரிசி வாங்கியது. உங்கள் பெண் அந்தத் தப்பை வேண்டும் என்றே 20 விதமாகச் செய்திருக்கிறாள் என்று படித்ததும் எனக்கு வயிறு கொஞ்சம் எரிந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

நிஜப் பையை ஆணி அடிக்கலாமே என்கிறார் உங்கள் மைத்துனர். அவர் கையில் இதுவரை எத்தனை மஞ்சப்பை வந்திருக்கும்? பிள்ளையாருக்குத் தந்தம் எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்று கேளுங்கள். சொல்ல மாட்டார். தேங்காயைத்தான் பார்த்திருப்பார். 20 பையை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றிலும் எதையாவது நகர்த்தி வைத்தால் மனுஷன் நின்று பார்க்கிறான், திட்டவாவது பார்க்கிறான்.

இந்தக் கலர்தான் இன்றைக்கு எல்லா இடத்திலும். தஞ்சாவூர் பைபாஸில் ஒரு காபிக் கடைச் சுவரில் கூலிங்கிளாஸ் போட்ட நடிகர் முகம் நான்கு கட்டத்தில் நான்கு கலரில். டி-ஷர்ட்டில், போன் கவரில், கல்யாண ஃபிளெக்ஸில்கூட. அந்தச் சூப் கம்பெனியே சில வருடத்தில் டின் படம் அச்சடித்த காகித கவுன் போட்டு விற்றது. இனி யார் யாரைப் பார்த்துச் செய்கிறார் என்று பிரிக்க முடியாது. நெடுஞ்சாலை முழுக்கக் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும் பித்தளை டம்ளரும் இருக்கிறதே, கும்பகோணத்தில் குடியிருக்கிற எனக்கே அதைப் பார்த்தால்தான் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது.

ஒரே ஒரு குறை. வார்ஹால் 1964இல் ஒரு பாத்திரம் தேய்க்கிற சோப்புப் பஞ்சுப் பெட்டியை மரத்தில் செய்து அடுக்கினார். அசல் அட்டைப்பெட்டியை டிசைன் செய்தவர் ஜேம்ஸ் ஹார்வி, அவரும் ஓவியர்தான், வயிற்றுப் பாட்டுக்கு டிசைன் வேலை பார்த்தவர். அவர் பெயர் இங்கே யாருக்குத் தெரியும்? எங்கள் மாஸ்டர் பேனர் கீழ் மூலையில் தன் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சின்னதாக எழுதுவார். தியேட்டர்காரர்கள் சரியாக அந்த மூலையில்தான் 'தினசரி 4 காட்சிகள்' என்று தாள் ஒட்டுவார்கள். உங்கள் பெண் மாதிரிக்கு எடுத்த பையில் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்திருக்கும். அவள் படத்தில் அது இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள்.

அரிசிலாறு எழுதியது:

குடந்தை அண்ணா, கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை, வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், மெஷ் அடைத்துக்கொள்வது பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு திருத்தம் மட்டும். அந்த 32 சூப் டின்னும் ஸ்கிரீன் பிரிண்ட் இல்லை. தூரிகையால் வரைந்தவை. அடியில் இருக்கும் பூ வரிசை மட்டும் முத்திரை குத்தியது. கிட்டத்தில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருக்கும். ஸ்கிரீனுக்கு அவர் மாறியது அதற்குச் சற்றுப் பிறகு, மன்றோ படங்களின் சமயத்தில்தான். கையால் செய்து மெஷின் மாதிரி காட்டினார், அப்புறம் மெஷின் மாதிரியே செய்து கை தவறியதைக் காட்டினார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

பாபநாசம் ஐயா, உங்கள் பெண்ணுக்கு வார்ஹாலை விட நெருக்கமானவர் பூபேன் கக்கர் (1934–2003). பம்பாய்க்காரர், பரோடாவில் வாழ்ந்தார். படித்தது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி, பகுதி நேரம் கணக்கு வேலைதான் பார்த்தார், உங்கள் இனம்! ஆரம்பத்தில் கடைத்தெருவில் விற்கும் சாமி படங்களை ஒட்டி ஓவியம் செய்தார். 1972இல் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், தையல்காரர் என்று தெருக்கடை ஆட்களை போர்டு எழுத்தோடு வரைந்தார். அமெரிக்க பாப்பில் மனிதர்கள் நட்சத்திரமாக இருப்பார்கள் அல்லது இருக்கவே மாட்டார்கள், பொருள்தான் இருக்கும். கக்கரிடம் கடைக்காரரே உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் தனிமையாக. 2016இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள்.

அண்ணாவின் குறையில் நியாயம் இருக்கிறது. வார்ஹால் ஒரு பாடகரின் புகைப்படத்தை வைத்துச் செய்த படம் தொடர்பாக, அந்தப் புகைப்படத்தை எடுத்த லின் கோல்ட்ஸ்மித் பக்கம்தான் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் எல்லா மூலையிலும் எல்லோர் பெயரையும் எழுது என்றால் மாணவர்கள் எதையும் தொட பயப்படுவார்கள் என்பது என் கவலை. தஞ்சாவூர் ஓவியத்திலும் அதே கிருஷ்ணர், அதே வெண்ணெய்ப் பானை தலைமுறை தலைமுறையாக வருகிறது. முதலில் வரைந்தவர் பெயரை யார் கேட்டார்கள்?

குடந்தை_ஸ்கிரீன்பிரிண்ட் எழுதியது:

டீச்சரம்மா, டின் விஷயத்தில் தப்பு என்னுடையது. படத்தைப் பார்த்து ஸ்கிரீன் என்றே நினைத்துவிட்டேன். என்னையே ஏமாற்றியிருக்கிறார் என்றால் நல்ல கைதான்.

தஞ்சாவூர்ப் படத்தில் எல்லோருக்கும் பெயர் இல்லை, அது ஒரு கணக்கு. ஒருத்தருக்கு மட்டும் 19.5 கோடி, மற்றவருக்கு மூலையில் தாள் ஒட்டுகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பாபநாசம்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன், படி என்று. மை அப்பிய முகம் பற்றிய இடம் வந்ததும் உள்ளே போய்த் தன் 20 படத்தையும் தரையில் பரப்பிப் பார்த்தாள். அதோடு அடித்த வேறு மூன்றை அவள் "சரியா விழலை" என்று கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தாளாம், மாட்டவே இல்லை. அதையும் எடுத்து வைத்தாள். எனக்கும் அந்த மூன்றுதான் பிடித்திருந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

குடந்தை சார் கேட்டதைக் கேட்டேன். அச்சகத்தின் பெயர், போன் நம்பர் எல்லாம் பையில் இருந்ததாம். இவள் எடுத்துவிட்டாள். ஏன் என்றால் "அது டிசைனைக் கெடுக்குதுப்பா" என்கிறாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பரணிலிருந்து ஒரு பையை இறக்கி மைத்துனருக்குப் போன் போட்டு, தந்தம் எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்று கேட்டேன். "என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா" என்றார்.

மகள் உங்கள் கடையைப் பார்க்க வரலாமா என்று கேட்கச் சொன்னாள். மெஷ் அடைத்துக்கொள்வதை நேரில் பார்க்க வேண்டுமாம். மாஸ்டரின் பேனர் துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும்.

குடந்தை_ஸ்கிரீன்பிரிண்ட் எழுதியது:

தாராளமாக வரச்சொல்லுங்கள் சார். பேனர் துண்டு ஒன்று இருக்கிறது, ஒரு கண்ணும் பாதிப் புருவமும். 4 அடிக்கு 3 அடி. மழைக்காலத்தில் ஃபிரேம்கள் மேல் போர்த்துவதற்கு வைத்திருக்கிறேன். கண் பக்கம் உள்ளே இருக்கிற மாதிரிதான் போர்த்துவேன்.

இப்போது வேண்டாம், ஆனி முகூர்த்தத்துக்கு 14 வீட்டுப் பை நிற்கிறது, நின்று பேச நேரம் இருக்காது. ஆடியில் வரட்டும், கல்யாணம் இல்லாத மாசம், கடை காலியாக இருக்கும். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் கடை கிடையாது. பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள், இந்த மை துவைத்தாலும் போகாது.